மாப்பிள்ளைப் பையனின் மணிக்கட்டுப் பட்டை

சிவமயம்

தம்பி கரியமாணிக்கத்துக்கு, சைகோனிலிருந்து அண்ணன் முருகப்பன் ஆசியுடன் எழுதுவது. உடம்பு சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. போனில் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும் என்பதால், இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

தண்டாயுதபாணி கோயிலைக் கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு, உன் மகள் தெய்வயானைக்குப் பார்த்திருக்கும் ஏகப்பன் வீட்டில் மூன்று நாளாகத் தங்கி அவனை நோட்டம் விடுகிறேன். இங்கே தூ டுக் பகுதியில் இஞ்சினீயர் என்றார்கள், சரி. அலமாரிக்குப் பின்னால் எலெக்ட்ரிக் கிட்டார் இருப்பதை யாராவது சொன்னார்களா? வீடெல்லாம் ஈயம் பற்றவைக்கும் நாற்றம், மேசையெல்லாம் ஒயர், பையன் மணிக்கட்டில் விளக்கு மினுங்கும் ஒரு பட்டை, சாப்பிடும்போதுகூடக் காற்றில் கையை ஆட்டிக்கொள்கிறான். நேற்று யாரிடமோ போனில், “நடுக்கம் இன்னும் போகலடா” என்றான். குடிக்கிற கைதானே நடுங்கும்? நேரடியாகவே கேட்டேன். “இல்ல மாமா, கால்ல மிதிக்கிற பெடலுக்குப் பதிலா இந்தப் பட்டை. கையை அசைச்சா கிட்டார் சத்தம் மாறும், நானே செய்யுறேன்” என்கிறான். விரலால் மீட்டுகிற வாத்தியம் கையை ஆட்டினால் மாறுமாம்! குடியையாவது திருத்தலாம், இந்தப் புளுகை என்ன செய்வது?

அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பட்டையை எடுத்துவிட்டேன். சாட்சி தொலையக்கூடாதென்று என் வலது கையிலேயே கட்டி, முழுக்கைச் சட்டையால் மூடியிருக்கிறேன். இப்போது பக்கத்து அறையில் வாசிக்கிறான். நான் எழுதினால் கிட்டார் ஊளையிடுகிறது, பேனாவை நிறுத்தினால் அடங்குகிறது. எங்கிருந்தோ என்னை வேவு பார்க்கிறான்! ஒரே பெண், தம்பி. பயமாக இருக்கிறது. நாளைக் காலையிலேயே ஊரிலிருக்கும் அவன் பெற்றோர் வீட்டுக்குப் போய், சரிப்படாது என்று சொல்லிவிடு. பையன் புளுகன். அந்தச் சொல்லுக்கு அடியில் மூன்று கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

அண்ணன்
முருகப்பன்

பி.கு.: போகாதே! மேலே உள்ளதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டேனே! போய்விட்டால், காபி சாப்பிட வந்ததாகச் சொல். இப்போதுதான் ஏகப்பன் கதவைத் தட்டி, “மாமா, பட்டை உங்க கையிலயா இருக்கு? கிட்டாரோட சத்தப் பெட்டி கெட்டுப்போச்சோன்னு அத்தனையும் பிரிச்சுப் போட இருந்தேனே!” என்றான். போனில் சொன்ன நடுக்கமும் கையில் இல்லை, அந்தப் பட்டை தரும் சத்தத்தில்தானாம். நான் மூன்று கோடு போட்டபோது வந்த சத்தத்தைப் பதிவுசெய்து தெய்வயானைக்கு அனுப்பியிருக்கிறான். இவ்வளவு நாளில் இதுதான் பிரமாதம் என்கிறாளாம் அவள். நல்ல நாள் பார்த்துப் பேசி முடி. பட்டையை இன்னும் நான் கழற்றவில்லை. இதையும் அவன் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான்.