மாமியின் பதினேழு மில்லிமீட்டர்

கிராஸி பார்க், கேப் டவுன்.
ஏப்ரல் 14, ஞாயிறு, மாலை 4 மணி 10 நிமிடம். பெருநாளன்று போய்வந்த வீடுகள் 13. பதினான்காவது வீட்டு வாசலில் கார் நின்றுவிட்டது.

மதிப்பிற்குரிய சாலி பெரியத்தா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகன் தஷ்ரீக் சலாம் சொல்லி எழுதுவது. போர்ட் எலிசபெத்தில் நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். மைமூனா மாமிக்கு மட்டும் இடுப்பு வலி. அதற்குக் காரணம் என் கார் என்று உங்களுக்கு ஏற்கெனவே ஃபோன் செய்திருப்பார். காரணம் கார் இல்லை, ஒரே நாளில் பதின்மூன்று வீட்டு சோஃபாக்களில் உட்கார்ந்து எழுந்தது. ஆனால் இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அத்தா என் காலை மிதித்தார்.

குடும்ப வாட்ஸாப் குழுவில் நீங்கள் பார்த்திருக்கும் புகைப்படம் உண்மையானது. வேகத்தடை மேல் உட்கார்ந்திருக்கும் வெள்ளை கோல்ஃப் கார் என்னுடையது. அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்களும் என்னுடையவை. ஆனால் படத்துக்குக் கீழே நாற்பத்தோரு பேர் எழுதியிருப்பது முழுக்கச் சரியில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மே மாதம் முதல் ஞாயிறு நீங்கள் இங்கே வந்து வசீஃபாவை எனக்காகப் பெண் கேட்க வேண்டியிருக்கிறது. என்ன நடந்தது என்று தெரியாமல் நீங்கள் அந்த வீட்டு நாற்காலியில் போய் உட்காரக் கூடாது.

காரைத் தாழ்த்தியது பெருநாளுக்கு மூன்று வாரம் முன்பு. ஏன் தாழ்த்த வேண்டும் என்று கேட்காதீர்கள். ஸ்ட்ராண்ட்ஃபொன்டெயின் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை நின்று பார்த்தால் உங்களுக்கே புரியும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு பூனை படுத்துத் தூங்கும் அளவுக்கு இடைவெளியோடு ஒரு கோல்ஃப் நிற்பது பார்க்கச் சகிக்காது. இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் போடுவது. பெட்டியில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை இறங்கும், அதற்குப் பிறகு அதுதான் உயரம், மாற்ற முடியாது. இன்னொன்று காயில்ஓவர்; ஷாக் அப்சார்பரின் உடம்பிலேயே மரை வெட்டியிருக்கும், அதன் மேல் ஒரு வளையம், ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் கார் ஏறும், மறுபக்கம் திருப்பினால் இறங்கும். விலை நான்கு மடங்கு. சஸ்பென்ஷன் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் ஷுஐப், "காயில்ஓவர் போடுடா, உன் குடும்பம் பெருசு"ன்னு சொன்னான். கப்பல் பட்டறையில் எட்டு வருடம் இயந்திரம் பார்ப்பவனுக்கு இவன் பாடம் எடுக்கிறானா என்று நான் ஸ்பிரிங்கையே வாங்கினேன். ஐம்பது மில்லிமீட்டர் இறக்கம். அது என் முதல் தப்பு. இறக்கம் அதிகம், விறைப்பு போதாது. பின்பக்கம் பத்துக் கிலோ ஏறினால் இரண்டு மில்லிமீட்டர் உட்காரும். இதை அளந்துதான் சொல்கிறேன். பட்டறையிலிருந்து எடை மூட்டை கொண்டுவந்து அளந்தேன்.

வசீஃபாவின் வீடு ஸ்ட்ராண்ட்ஃபொன்டெயினில் இருக்கிறது, வாசலிலேயே வேகத்தடை. அது தானாக வந்ததல்ல. அவள் அத்தா பூட்டா இகஷான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிப் போட வைத்தது. கடற்கரைக்குப் போகிற பையன்கள் அந்தத் தெருவைக் குறுக்கு வழியாக்கி, தாழ்ந்த கார்களில் பறந்து, இரண்டு தடவை அவர் சுவரை இடித்திருக்கிறார்கள். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஒரு கீறல் போடாத மனிதர். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பெருநாளன்று அத்தா அம்மாவோடு அங்கே போவதாக இருந்தது, அதனால் நான் முன்கூட்டியே போய் அந்த வேகத்தடையை அளந்தேன். நான், அத்தா, அம்மா, மூன்று பேர் ஏறினால் அடியில் பதினொரு மில்லிமீட்டர் மிச்சம். தாராளம்.

இந்தக் கணக்கில் தப்பே இல்லை, பெரியத்தா. கணக்கில் பெருநாள்தான் இல்லை.

நம் வீடுகளில் பெருநாள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தொழுகை முடிந்ததும் கிளம்பி, வயசு வரிசைப்படி எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், ஒரு வீட்டைத் தாண்டினால் அடுத்த பெருநாள் வரை பேச்சு நின்றுவிடும், ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட வேண்டும், சாப்பிட்டு எழுந்தால் சும்மா விடமாட்டார்கள், வாசலில் வைத்து பரகத் என்று கேக்கும் சமூசாவும் தேங்காய் பிஸ்கட்டும் தட்டில் கட்டி டிக்கியில் ஏற்றுவார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் அது ஆண்டவன் தரும் பரகத்தையே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். பதின்மூன்று வீடு. பின்னால் நிறுத்துப் பார்த்தேன், முப்பது கிலோ. ஆறு மில்லிமீட்டர். ஒன்பதாவது வீட்டில் மாமா கார் பேட்டரி செத்துப்போய் மைமூனா மாமி எங்களோடு ஏறிக்கொண்டார். "பொண்ணு வீட்ட நானும் பாத்த மாதிரி இருக்கும்"னு சொல்லிக்கொண்டே ஏறினார். நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். மிச்சம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டது. ஆனால் அவர் கதவைச் சாத்தியாகிவிட்டது, ஸீட் பெல்ட்டும் போட்டாகிவிட்டது.

மஃக்ரிப் தொழுகைக்கு அரை மணி முன்னால் அந்தத் தெருவுக்குள் திரும்பினோம். தெரு முழுக்கப் புதுத் துணி போட்ட ஜனம். முன்சக்கரம் மெதுவாக ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு சத்தம், பெரிய அலமாரியை சிமென்ட் தரையில் இழுப்பதுபோல. கார் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நான் இறங்கி, வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து, எஃகு அளவுகோலோடு உள்ளே போனேன். பூட்டா இகஷான் கேட்டைத் திறந்து வந்தபோது தன் வருங்கால மருமகனில் அவர் முதலில் பார்த்தது செருப்பின் அடிப்பக்கத்தை.

டிக்கியைக் காலி செய்யச் சொன்னேன். தெருக்காரர்கள் ஆளுக்கொரு தட்டாக வாங்கி அவர் சுவர் மேல் வரிசையாக வைத்தார்கள். ஆறு மில்லிமீட்டர் எழும்பியது. போதவில்லை. அத்தா இறங்கினார். அவர் முன்ஸீட், பின்பக்கத்துக்கு அதில் லாபம் இல்லை. மீதி இருந்தது பின்ஸீட்டில் இரண்டு பேர். யாராவது ஒருவர் இறங்கினால் போதும்.

இங்கேதான் விஷயம் கெட்டது. ஒருத்தர் இறங்கி, அந்த நிமிஷமே கார் எழும்பினால், ஊர் என்ன சொல்லும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"அண்ணி, நீங்க மொதல்ல எறங்குங்க. நீங்கதான் மாப்பிள்ளையோட அம்மா"ன்னார் மாமி.

"விருந்தாளி மொதல்ல எறங்கணும். அதுதான் மரியாதை"ன்னு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தா கெஞ்சினார். எதிர்வீட்டுப் பெரியவர் வந்து இருவருக்கும் பொதுவாக ஒரு ஹதீஸ் சொன்னார். யாரும் அசையவில்லை. எனக்கு அடியில் முதுகு சுடுகிறது, மேலே இரண்டு பேரும் மரியாதை பேசுகிறார்கள். நான் அங்கிருந்தே சொன்னேன்: "மாமி பதினேழு மில்லிமீட்டர். அம்மா பதின்மூணு. எனக்கு ஆறு போதும், மில்லிமீட்டருக்கு அஞ்சு கிலோ கணக்கு. யாரு எறங்குனாலும் சரி."

உண்மையைத்தான் சொன்னேன்.  உடனே யாரோ ஒரு பெண் எண்பத்தைந்து கிலோ என்று சொன்னது கேட்டது. அவ்வளவு வேகமாக யார் பெருக்கினார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மாமி ஸீட் பெல்ட்டை மறுபடியும் போட்டுக்கொண்டார்.

முடித்துவைத்தது வசீஃபா. வந்தாள், தன் அம்மாவை ஒரு கதவுப் பக்கம் நிற்க வைத்தாள், மறு கதவைத் தானே திறந்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குங்க, நான் மூணு எண்ணுறேன்"னா. இருவரும் ஒரே சமயத்தில் இறங்கினார்கள். கார் நிம்மதியாக எழும்பியது. யாரால் எழும்பியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்தப் பெண்ணைத்தான் நான் கட்டப்போகிறேன், பெரியத்தா. வேறு யாரையும் பார்த்து வைக்க வேண்டாம்.

உள்ளே சாயா கொடுத்தார்கள். பூட்டா இகஷான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அந்தக் கார்ல எம்பொண்ண ஏத்தமாட்டேன். கார உசத்து. அப்புறம் உங்க பெரியத்தாவ அனுப்பு, உக்காந்து பேசலாம்"னார். அவ்வளவுதான். உயரத்தில் தப்பில்லை, விறைப்பில்தான் தப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். அத்தா மிதித்தார். அதே கால்.

ஆக, கார் உயராமல் பெண் கேட்க வழியில்லை. காரை உயர்த்தினால் சனிக்கிழமை சாயங்காலம் நான் எங்கே போய் நிற்பது? இரண்டு நாள் யோசித்தேன். விடை சுலபம். காயில்ஓவர். வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டேன், பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஷுஐப் சிரித்தான், சிரிக்கட்டும். மே முதல் ஞாயிறு வளையத்தைத் திருப்பிக் காரை நாற்பத்தைந்து மில்லிமீட்டர் ஏற்றுவேன். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து வேகத்தடையைத் தாண்டலாம். பூட்டா இகஷான் வாசலில் நின்று பார்ப்பார், திருப்தியாகிவிடும். அடுத்த சனிக்கிழமை மறுபக்கம் திருப்பி இறக்கிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேர வேலை, வீல் அலைன்மென்ட் மறுபடி பார்க்க வேண்டும், கடல் காற்றுக்கு மரையில் துருப்பிடிக்கும், கிரீஸ் தடவ வேண்டும். செய்துகொள்வேன். இதில் பொய் எதுவும் இல்லை. அவர் உசத்தச் சொன்னார், உசத்துகிறேன். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை.

எனவே மே முதல் ஞாயிறு வந்துவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இங்கே இருப்பீர்கள். மாமியும் கூட வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்தில் பிளவு என்று பெண் வீட்டில் நினைப்பார்கள். அவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். என் பெயர் சொன்னால் ஃபோனை வைத்துவிடுகிறார்.

பெரியம்மாவுக்கு என் சலாம். உங்கள் முழங்காலுக்கு ஆண்டவன் சுகம் தரட்டும். உங்கள் துஆவில் எனக்கும் ஓரத்தில் இடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தஷ்ரீக்

பின்குறிப்பு: மணி இப்போது ஒன்பது. மேலே எழுதியதில் நடந்தவை எல்லாம் சரி, நடக்கப்போவதாக எழுதியது எதுவும் சரியில்லை. திருப்பி எழுதப் பொறுமை இல்லை, அடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இஷா தொழுகைக்குப் பிறகு வசீஃபா ஃபோன் செய்தாள். சந்தோஷப்படுவாள் என்று காயில்ஓவர் விஷயத்தை வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். பிறகு, "அப்ப எங்கத்தாவுக்கு ஒரு உசரம், ஊருக்கு ஒரு உசரம். கட்டுனதுக்கு அப்புறம் எனக்கு எது?"ன்னு கேட்டா. அலைன்மென்ட் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். "மாமியோட கனத்த தெருவுல வச்சு மூஞ்சிக்கு நேரா சொன்னவந்தானே நீ. அதுக்காகத்தான் உன்னப் புடிச்சுது. எங்கத்தாகிட்ட மட்டும் ஏன் வளையத்தத் திருப்புற?" என்றாள். வைத்துவிட்டாள்.  எனவே:

1. நாளைக் காலை ஷுஐப் கடை திறந்ததும் காயில்ஓவரைத் திருப்பிக் கொடுப்பேன். சிரிப்பான்.

2. மைமூனா மாமி வீட்டுக்குப் போவேன். எண் எதுவும் சொல்ல மாட்டேன். மன்னிப்பு மட்டும்.

3. வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு ஸ்ட்ராண்ட்ஃபொன்டெயினுக்குத் தனியாகப் போவேன். காரை இப்போதுள்ள உயரத்திலேயே தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போவேன். எனக்குத் தாழ்ந்த கார்தான் பிடிக்கும் என்று பூட்டா இகஷானிடம் நேராகச் சொல்வேன். ஏமாற்ற ஒரு வழி வாங்கி வைத்திருந்தேன் என்பதையும் சொல்வேன்.

4. அவர் மகளை ஏற்றிப்போக எந்த உயரம் வேண்டும் என்று கேட்பேன். சொன்ன உயரத்துக்கு ஸ்பிரிங் போடுவேன். வளையம் இல்லாதது.

5. அதற்குப் பிறகும் அவர் பெண் தர மறுக்கலாம். மறுத்தால் உங்களுக்கு எழுதுகிறேன், பஸ் ஏற வேண்டாம். காரை மட்டும் திரும்ப இறக்க மாட்டேன்.