அளவு பார்க்க எடுத்துக்கொள்ளப்பட்ட மோட்டார் சைக்கிள்

மனித குலம் இதுவரை செய்த மகத்தான காரியங்கள் மூன்று. நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, சாக்சனி மலைப்பகுதியில் உள்ள எங்கள் ஊரான ரோட்டன்கிரண்டில் 'கலப்பு டூ-ஸ்ட்ரோக் சுயதயாரிப்புச் சங்கம்' தொடங்கப்பட்டது. முதல் இரண்டுக்கும் கூட்டக் குறிப்பு கிடையாது. அதனால் யார் செய்தார்கள் என்றே இன்றுவரை தெரியவில்லை. மூன்றாவதற்கு அந்த அவலம் நேராது. சங்கத்தின் செயலாளர் வோல்ஃப்ராம் ட்ரெக்ஸல், அதாவது அடியேன், எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால்தான் சங்கத்தைப் பதிவு செய்ய முடியும். ஆறு பேர் என்றால் வெறும் கூட்டாளிகள். பீர் குடிக்கப் போகலாம், வரலாற்றில் இடம் பிடிக்க முடியாது. எங்களிடம் ஆறு பேர் இருந்தார்கள். ஏழாவதாகத் தலைவரின் மைத்துனர் சேர்க்கப்பட்டார். அவருக்கு டூ-ஸ்ட்ரோக் புகை ஆகாது. இரண்டு நிமிடத்தில் இருமல் வந்துவிடும். அவரைப் 'பார்வையாளர் உறுப்பினர்' ஆக்கிச் சன்னல் ஓரம் உட்கார வைத்தோம்.

தலைவர் எக்கெஹார்ட் ஊலிக் பெரிய சிந்தனையாளர். தொழிற்சாலையில் செய்த வண்டியை ஓட்டுவது ஒருவகை அடிமைத்தனம் என்பது அவருடைய கொள்கை. "கடையில வாங்கின வண்டி ஓட்டறவன் கடைக்காரனோட ஆளு. தானே செஞ்ச வண்டியில போறவன்தான் மனுஷன்" என்பார். இதைச் சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார். நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக்கு நடந்துதான் வந்திருப்போம்.

சங்கத்தின் ஒரே திட்டம், ஏழு நாட்டு உதிரிகளைக் கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள். செக் நாட்டுப் பெட்ரோல் டாங்க், இத்தாலிய கார்புரேட்டர், ஜப்பானிய சிலிண்டர், ஆஸ்திரிய முன்சக்கரம், போலந்துக் கைப்பிடி, ஹங்கேரி விளக்கு. இவற்றைத் தாங்கிப் பிடிக்க எங்கள் சாக்சனியின் சட்டகம். 'உலக சமாதானத்தின் உலோக வடிவம்' என்று குறிப்பில் எழுதினேன். சட்டகம் மட்டும் ஒரு பண்ணையின் பின்பக்கம் கோழிகள் அடைந்துகொண்டிருந்த இடத்தில் கிடைத்தது. கோழிகளுக்கு இழப்பீடாகப் பழைய ஏணி ஒன்று வழங்கப்பட்டது.

வேலை ஊலிக்கின் வீட்டில், சமையலறையை ஒட்டிய துணி துவைக்கும் அறையில் நடந்தது. பேரிங் இறங்க வேண்டுமென்றால் எஞ்சின் கூட்டைச் சூடாக்க வேண்டும், பேரிங்கைக் குளிரவைக்க வேண்டும். இதற்கென்று சங்கம் கருவி வாங்கவில்லை. கூடு, ஊலிக்கின் மனைவி கரோலாவின் அடுப்பில் வெந்தது. பேரிங்குகள் அவர் ஃப்ரீசரில் உறைந்த பட்டாணிக்கும் வாத்துக்கும் நடுவே கிடந்தன.

"பிளம்ஸ் எல்லாம் அழுகுது. நான் எப்பத்தான் கேக் போடறது?" என்று கரோலா கேட்டார்.

"அடுப்பு இப்போ சங்கப் பணியில இருக்கு" என்றார் தலைவர்.

பதினெட்டு மாதங்கள் இப்படி உழைத்தோம். சில சிறு தடங்கல்கள் இருந்தன. ஜப்பானிய சிலிண்டரின் ஓட்டைகள் எங்கள் கூட்டின் போல்ட்டுகளோடு ஒத்துப்போகவில்லை. இத்தாலிய கார்புரேட்டரின் வாய் அகலமாக இருந்தது. ஆஸ்திரியச் சக்கரத்துக்கு எங்கள் அச்சு பருமன். ஹங்கேரி விளக்கு ஒருமுறை பளீரென்று எரிந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் விவாதித்து, குறை சங்கத்தின் மேல் இல்லை, அந்தந்த நாட்டின் மேல்தான் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

இந்த நிலையில்தான் ஏப்ரலில் பெகி லோய்ஷ்னர் வந்தாள்.

பெகி வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலி. மலைமேல் உள்ள வயதானவர்கள் அவள் பொறுப்பு. காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒருவருக்கு ஊசி போட்டு, ஒருவருக்குப் புண்ணைக் கட்டி, ஒருவரைக் குளிப்பாட்டி, பத்து மணிக்குள் ஒன்பது வீடுகள் முடித்துவிடுவாள். கார் ஓட்ட அவளிடம் உரிமம் கிடையாது. அவளிடம் இருந்தது பச்சை நிறத்தில் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். எங்கள் வட்டாரத் தொழிற்சாலையில் செய்தது. அது திணறுகிறது என்று தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

எங்கள் தொழில்நுட்பத் தலைவர் லோத்தர் நெஸ்லர் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தார். "பிஸ்டன் ரிங் ஒண்ணு உடைஞ்சிருக்கு. அரை நாள் வேலை."

"அப்போ நாளைக்கு வரட்டுமா?"

"வண்டிய விட்டுட்டுப் போம்மா, சங்கம் பாத்துக்கும்" என்றார் ஊலிக்.

அவள் போனதும் நெஸ்லர் அந்தப் பச்சை வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். கார்புரேட்டர் இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, 'அளவு பார்க்கும் பொருட்டு மேற்படி வண்டியின் கார்புரேட்டர் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது' என்று ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. ஆறு கைகள் உயர்ந்தன. பார்வையாளர் உறுப்பினர் இருமினார். அது ஆதரவாகக் கொள்ளப்பட்டது.

கார்புரேட்டர் எங்கள் எஞ்சினில் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திய ஒன்றைக் கழற்றுவது பொறியியலுக்கே விரோதம் என்றார் நெஸ்லர். மே மாதம் முன்சக்கரத்தை அளவு பார்த்தோம். அதுவும் பொருந்தியது. பிறகு கைப்பிடி, விளக்கு, டாங்க். எங்கள் சட்டகமும் அவள் வண்டியும் ஒரே தொழிற்சாலைச் சரக்கு என்பதால் எதை மாட்டினாலும் உட்கார்ந்தது. இதைத் தலைவர் 'சங்கத்தின் நுண்ணறிவு' என்றார். அப்படியே பதிவு செய்தேன்.

ஜூனில் பெகி வந்து நின்றாள். சைக்கிளில் மலை ஏறி இறங்கி முகமெல்லாம் சிவந்திருந்தது.

"தலைவரே, என் வண்டி என்னாச்சு?"

"வேலை நடந்துட்டிருக்கும்மா."

"வண்டிக்கு முன்சக்கரத்தக் காணோமே. விளக்கும் இல்ல."

"அளவு பாக்க எடுத்திருக்கோம்."

"அளவு பாக்க எத்தனை நாளாகும்?"

நெஸ்லர் தீவிரமாக யோசித்தார். "மில்லிமீட்டர்லயா, இன்ச்சுலயா?"

அவள் அவரை விட்டு என்னிடம் திரும்பினாள். "செயலாளரே, நீங்களாவது காது குடுத்துக் கேளுங்க. சைக்கிள்ல போனா எனக்கு ஒன்பது வீடும் முடிக்கப் பகல் ஒரு மணியாகுது. மேல இருக்கற ஹெம்பெல் அம்மா இன்சுலின் போடாம ரொட்டியில வாய் வைக்கக் கூடாது. ஒன்பதரை வரைக்கும் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. அக்டோபர் முடியறதுக்குள்ள வண்டி வரலன்னா அந்த வீடுங்களை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அப்புறம் எனக்கு வேலை கிடையாது."

நான் பேனாவை எடுத்து, 'திருமதி லோய்ஷ்னர் நேரில் வருகை தந்து பணியின் முன்னேற்றத்தைப் பார்வையிட்டார். நன்றி தெரிவித்தார்' என்று எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் கூசியது. ஆனால் கூச்சத்தைப் பதிவு செய்யக் கூட்டக் குறிப்பில் இடம் இல்லை.

ஜூலையில் ஜப்பானிய சிலிண்டர் ஓய்வு பெற்றது. பெகியின் சிலிண்டர் பொறுப்பேற்றது. சிலிண்டர் வந்தபின் பிஸ்டன் வந்தது. பிஸ்டன் வந்தபின் கூடு வராமல் இருக்குமா? ஆகஸ்டில் எஞ்சின் முழுவதும் அவளுடையதாகிவிட்டது. அதில் ஒரு ரிங் உடைந்திருந்ததால் புது ரிங் வரவழைத்து மாட்டினோம். நெஸ்லர் ஒருவரே, மதியக் காபிக்கும் கேக்குக்கும் நடுவே, முடித்துவிட்டார். கேக் கடையில் வாங்கியது.

செப்டம்பரில் எல்லாம் தயார். தகுதி ஆய்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது, கோழிகளிடம் வாங்கிய சட்டகத்துக்கு எந்தக் காகிதமும் கிடையாது. காகிதம் இல்லாத சட்டகம் எங்கள் நாட்டில் வெறும் இரும்புக் குழாய். வண்டி என்றால் சட்டகம்தான். அதில் வெட்டியிருக்கும் எண்தான் வண்டியின் பெயர். ஊலிக் இரண்டு நாள் படுத்தே கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து, அறையின் மூலையில் எலும்புக்கூடாக நின்ற பெகியின் வண்டியைப் பார்த்தார். அதில் மிச்சம் இருந்தது சட்டகம் மட்டும்தான்.

தீர்மானம் வழக்கம்போல் நிறைவேறியது. எல்லா உதிரியும் அந்தச் சட்டகத்துக்கு மாறியதும் நெஸ்லர் வண்டிக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தார். டாங்க்கின் மேல் சங்கத்தின் பெயர் பொன் எழுத்தில் ஏறியது.

அக்டோபர் மூன்றாம் வாரம் பெகி மறுபடி வந்தாள். இம்முறை அவள் எதுவும் கேட்பதற்கு முன் தலைவரே முந்திக்கொண்டார்.

"வண்டிக் காகிதம் உங்கிட்டதானேம்மா இருக்கு? அதையும் கொஞ்சம் அளவு பாக்கணும்."

பெகி சிவப்பு வண்டியைப் பார்த்தாள். குனிந்து எஞ்சினைப் பார்த்தாள், சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாள், கைப்பிடியில் ஒரு பழைய கீறலை விரலால் தடவினாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"கொண்டு வர்றேன். ஆய்வு என்னிக்கு?"

"வர்ற வியாழக்கிழமை."

"நானும் வரலாமா?"

"தாராளமா வாம்மா. இந்த மாதிரி சாதனைய எப்பப் பாக்கப் போற?"

வியாழக்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்கு அவள் ஹெல்மெட்டோடு வந்தாள். விழாவுக்குத் தொப்பி அணிந்து வருவது போன்ற மரியாதை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். நாங்கள் ஏழு பேரும் கோட்டு போட்டிருந்தோம்.

ஆய்வாளர் ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவர். பிரேக்கை அழுத்தினார், விளக்கைப் போட்டார், எஞ்சினைக் கிளப்பிக் கேட்டார். நீலப் புகை எழுந்தது. மைத்துனர் வெளியே ஓடினார்.

"நல்லா இருக்கு. யாரோ அருமையாப் பாதுகாத்து வெச்சிருக்காங்க" என்றார் ஆய்வாளர்.

"பாதுகாக்கலைங்க. இது சுயதயாரிப்பு. ஏழு நாட்டு உதிரி" என்றார் ஊலிக்.

"எந்த உதிரி?"

ஊலிக் வண்டியைக் காட்டக் கையை நீட்டினார். கை டாங்க்கிலிருந்து விளக்குக்குப் போனது, அங்கிருந்து சக்கரத்துக்குப் போனது, எங்கேயும் நிற்காமல் சட்டைப் பைக்குள் திரும்பி வந்தது.

"எல்லாம் ஒரே வண்டியோட சாமான்தான். தொழிற்சாலையிலேர்ந்து எப்படி வந்துதோ அப்படியே இருக்கு, பெயின்ட்டைத் தவிர" என்றார் ஆய்வாளர்.

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. பதினெட்டு மாதமும் அதற்குமேல் ஆறு மாதமும் பாடுபட்டு, ஓர் அடிமை வண்டியை ஒரு போல்ட் பிசகாமல் செய்து முடித்திருந்தோம். சுருங்கச் சொன்னால் பெகியின் வண்டிக்கு ரிங் மாற்றியிருந்தோம்.

ஆய்வாளர் சட்டக எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டு முத்திரை குத்தினார். "பெகி லோய்ஷ்னர் யாரு?"

"நான்தாங்க."

சாவியும் காகிதமும் அவள் கைக்குப் போயின. அவள் ஹெல்மெட்டை மாட்டினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" என்றார் ஊலிக்.

"வேலைக்கு. நாலு வீடு பாக்கி இருக்கு. ஹெம்பெல் அம்மா இன்னும் சாப்பிடல."

"அது சங்கத்து வண்டிம்மா."

"அப்படியா தலைவரே? நானும் கொஞ்சம் அளவு பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளப்பினாள். மலைச்சாலையின் இரண்டாவது வளைவு வரை சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் பிடித்திருந்தது.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. 'சங்கத்தின் வாழ்நாள் படைப்பு பட்டப்பகலில் களவாடப்பட்டது' குறித்துக் காவல் நிலையத்தில் புகார் அளிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. மறுநாள் தலைவரும் நானும் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு போனோம்.

காவல் அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. பொறுமையாக ஒரு படிவத்தை எடுத்தார். "சுயதயாரிப்பு வண்டின்னா ஒவ்வொரு உதிரியும் எங்கிருந்து வந்துதுன்னு சொல்லணும். கார்புரேட்டர்?"

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். "ஏப்ரல் பத்தொன்பது. பெகி லோய்ஷ்னரிடமிருந்து."

"முன்சக்கரம்?"

"மே ஏழு. மேற்படியாரிடமிருந்து."

"எஞ்சின்? சட்டகம்?"

"மேற்படியார், மேற்படியார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இதெல்லாம் அவங்க குடுத்தாங்களா, நீங்களா எடுத்துக்கிட்டீங்களா?"

ஊலிக் என் முழங்காலில் இடித்தார். ஆனால் குறிப்பு குறிப்புதான். ஆறு மாதம் நான் எழுதியதில் பொய்யான வரி ஒன்று உண்டு, அவள் நன்றி சொன்னாள் என்பது. இன்னொன்று எழுத எனக்கு மனம் வரவில்லை. "எடுத்துக்கொள்ளப்பட்டது, ஒவ்வொரு தடவையும் ஏகமனதாக" என்று உரக்கப் படித்தேன்.

"கையெழுத்து போட்டிருக்கீங்களா?"

"எல்லாரும் போட்டிருக்கோம். எங்க சங்கத்துல ஒழுங்குன்னா ஒழுங்கு" என்றார் தலைவர். இடித்த முழங்காலை அவர் அதற்குள் மறந்திருந்தார்.

அதிகாரி குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி, 'குற்றம் சாட்டப்படுவோர்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல அஞ்சு பேருக்குத்தான் கோடு போட்டிருக்கு. உங்க சங்கத்துல மொத்தம் எத்தனை பேரு?"

"ஏழு" என்றார் ஊலிக், நெஞ்சை நிமிர்த்தி.

அதிகாரி இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார்.