எண்ணூர் முகத்துவாரத்துக்கு நான் மரீனா வாங்கிக் கொடுத்த கதை

நன்றாகப் பேசத் தெரிந்தவர்களை முக்கியமான கூட்டங்களில் பேச விடக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், ஏனென்றால் நான் நன்றாகப் பேசுவேன். கல்லூரியில் பேச்சுப்போட்டிகளில் நான் வாங்கிவந்த கோப்பைகளில் ஒன்றில் அம்மா உப்பும் இன்னொன்றில் புளியும் போட்டு வைத்திருந்தாள். (மூன்றாவதில் ஓட்டை. அதனால் அது மட்டும் மாதா படத்துக்குப் பக்கத்தில் கௌரவமாக நின்றது.)

எங்கள் குப்பம் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. ஆறு கடலில் சேருகிற இடம். அப்பா கடலுக்குப் போவார். அப்பாவின் தங்கை பிலோ அத்தையும் மற்றப் பெண்களும் ஆற்றில் இறங்குவார்கள். படகு கிடையாது, வலை கிடையாது. மார்பளவு தண்ணீரில் நின்று, பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். அத்தை வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டது அந்தச் சேற்றை நம்பித்தான்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். சர்ச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆற்றங்கரையில் பொதுமக்களுக்காக ஒரு மரீனா அமைக்க உத்தேசம், திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம், ஒவ்வொரு குப்பத்தின் சார்பிலும் ஒருவர் பேசலாம்.

"மெரீனாவா? அதான் அங்க ஏற்கெனவே ஒண்ணு கீதே," என்றார் அப்பா. "இன்னொண்ணு இன்னாத்துக்கு?"

அது பீச் இல்லை, உல்லாசப் படகுகள் நிறுத்துகிற துறை, கூடவே பூங்கா, நடைபாதை, கரை நெடுக வேலி என்று நான் விளக்கினேன். அத்தை கேட்டது ஒன்றுதான்.

"வேலி போட்டா நாங்க எப்டி எறங்கறது?"

பெண்கள் எல்லோரும் சேர்ந்து பிலோ அத்தையையே பேசச் சொன்னார்கள். நியாயமான தேர்வு. ஆற்றின் எந்த இடத்தில் சேறு காலை இழுக்கும், எந்த மாதம் இறால் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அவளுக்குத் தெரியாதது இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கோப்பை வாங்கியவள் வீட்டில் இருக்கும்போது அத்தை பேசுவதா? கூட்டத்துக்கு முதல்நாள் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

"அத்த, பெரிய பெரிய ஆபீசருங்கல்லாம் வராங்க. நீ அங்க வந்து 'இன்னா', 'கீது'ன்னு பேசிக்கினு இருந்தீன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. சிரிச்சிடுவாங்க."

அத்தை துணியை உதறிக் கொடியில் போட்டாள். ஒன்றைப் போட்டு, இன்னொன்றையும் போட்டாள். பிறகு, "சரி, நீயே பேசு. படிச்ச பொண்ணு. நல்லா சொல்லுவ," என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. மனசுக்குள் முதல் வரியை அமைத்துக்கொண்டிருந்தேன்.

என் பேச்சு முறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எதிரணியின் கட்சியை முதலில் வானளாவத் தூக்கி நிறுத்துவேன். கேட்பவர்கள், 'அடடா, இவள் அந்தப் பக்கமா?' என்று மயங்கி நிற்கும்போது, 'ஆனால்...' என்று ஓர் இடைவெளி விட்டு, ஒரே அடியில் இடித்துத் தள்ளுவேன். போட்டிகளில் இந்த 'ஆனால்' வரும்போது கைதட்டல் கூரையைப் பிளக்கும். (கூரை சிமெண்ட் ஷீட். இருந்தாலும்.)

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கோட்டும் டையும், பின்வரிசையில் நாங்கள். எங்கள் பெண்கள் அன்று ஆற்றில் இறங்காமல், ஞாயிறு பூசைக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார்கள். மேடையில் இருந்த அதிகாரி மிகவும் பண்பான மனிதர். தலைக்கு மூன்று நிமிடம், மணி அடித்ததும் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அறிவித்தார். நான் தயாரித்திருந்தது ஏழு நிமிடப் பேச்சு. வேகமாகப் பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சுருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எதைச் சுருக்குவது? எல்லாமே அழகாக இருந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அத்தை என் துப்பட்டாவைச் சரிசெய்து அனுப்பினாள்.

"அலைகள் ஆரத்தி எடுக்க, அன்னமென அசைந்து வரும் வெண்ணிறப் படகுகள்! அந்தி வெயிலில் ஆற்றங்கரைப் பூங்காவில் ஆடி மகிழும் குழந்தைகள்! வேலையின்றி வாடும் எம் இளைஞர்களுக்கு வாசல் திறக்கும் வளர்ச்சி!"

முன்வரிசை நிமிர்ந்தது. அதிகாரி பேனாவை எடுத்தார். ஒரு பெண் குறிப்பெழுத ஆரம்பித்தாள். கை தட்டினார்கள். கைதட்டல் வந்தால் எனக்கு நிலை தப்பிவிடும். எழுதிக்கொண்டு வராத இரண்டு உவமைகளை அந்த இடத்திலேயே சேர்த்தேன். விளக்கொளியில் முகத்துவாரம் வெள்ளித் தகடாக மின்னியது. உலகமே எண்ணூரைத் திரும்பிப் பார்த்தது.

பின்வரிசையில் அப்பா அம்மாவின் காதில் ஏதோ கேட்டார். (பிறகு தெரிந்தது: "இவ யாரு பக்கம் பேசறா?")

நான் மூச்சை இழுத்தேன். வலது கையை உயர்த்தினேன்.

"ஆனால்..."

இடைவெளி விட்டேன்.

மணி அடித்தது.

மைக் செட்காரர் தொழில் தெரிந்தவர். மணி ஓசை அடங்குவதற்குள் மைக் வாங்கப்பட்டு, பக்கத்தில் தயாராக நின்ற வியாபாரிகள் சங்கத்துக்காரர் கைக்குப் போய்விட்டது. "சார், இன்னும் முடிக்கல சார்!" என்று நான் கத்தியது கைதட்டலில் கேட்கவில்லை. அதிகாரி எழுந்து நின்றே கை தட்டினார்.

"மீனவக் குடும்பத்திலிருந்து வந்த இந்த மாணவி இவ்வளவு தெளிவாக வரவேற்றிருப்பது எங்களுக்குப் பெரிய ஊக்கம்," என்றார்.

அப்போது பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஐயா, அது அப்டி இல்லீங்க ஐயா! நாங்க சொல்ல வந்தது வேற!"

"உங்கள் குப்பத்துக்கு ஒருவர் பேசியாகிவிட்டதம்மா. தயவுசெய்து உட்காருங்கள்," என்றார் அவர், அதே பண்போடு.

அத்தை உட்கார்ந்தாள். அன்று நாள் முழுக்க நடந்ததில் என்னால் இன்னும் தாங்க முடியாதது அவள் அப்படி உட்கார்ந்ததுதான்.

கூட்டம் முடிந்ததும் குறிப்பெழுதிய பெண்ணிடம் ஓடினேன். "பதிவாயிடுச்சும்மா. வேணும்னா எழுத்துல குடுங்க, பின்னால சேர்த்துக்கறோம்," என்றாள். மண்டபத்து வாசல்படியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம், ஓர் உவமைகூட இல்லாமல். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆகச் சிறந்த அரைப் பக்கம் அது. அதை யாராவது படித்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பா மட்டும், "நல்லாத்தான் பேசின. எனக்கே மரீனா வந்தா தேவலன்னு ஆயிடுச்சு," என்றார். பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மரீனா வந்தது. என் பேச்சால்தான் வந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு தற்பெருமைதான், அது எப்படியும் வந்திருக்கும் என்று என் கணவர் தேற்றுவார். உல்லாசப் படகுகள் இரண்டு கோடைக்காலம் ஓடின. அப்புறம் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, படகுகளை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். வேலியை மட்டும் கொண்டுபோகவில்லை. பழைய இடத்தில் இறங்க முடியாமல், பெண்கள் ரயில்வே லைன் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். முக்கால் மணி நேர நடை. முதலில் வயதானவர்கள் நின்றார்கள். மூட்டுவலி வந்ததும் அத்தையும் நின்று, ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனாள்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "அத்த, அன்னிக்கு நீ பேசியிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"இன்னா சொல்றது? 'நாங்க நாள்பூரா உள்ள எறங்கி நிக்கிற எடம் சார் இது, வழி வுடுங்க'ன்னு சொல்லியிருப்பேன்." கொஞ்சம் யோசித்தாள். "அவ்ளோதான். வேற இன்னா கீது?"

அதில் எந்த ஆபீசருக்கும் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

குப்பத்தில் அன்றிலிருந்து என் பெயர் 'ஆனால் ஜெசி'. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன சாயங்காலம், மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டாள். "நல்லவராத் தெரியறாரு, படிச்சிருக்காரு, மரியாதையாப் பேசறாரு..." என்று ஆரம்பித்தேன். அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"இரு, இரு. 'ஆனா' இருந்தா அதை மொதல்ல சொல்லிடு. மணி அட்ச்சிட்டா கல்யாணம் ஆயிடும்!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் இப்போதும் யார் எதைப் புகழ ஆரம்பித்தாலும் எதிரில் இருப்பவர் 'ஆனா?' என்று கேட்டுவிடுவார். என் பெண்ணின் டீச்சர்கூட, "உங்க பொண்ணு ரொம்ப நல்லாப் பேசறா," என்றபோது நான் பதறிப்போய் அதையேதான் கேட்டேன்.