கேட்காத ரெக்கார்டுக்கு ஒரு விளக்கவுரை

மனிதர்களில் ‘அட்டை வித்துவான்’ என்று ஒரு ரகம் உண்டு, பார்த்திருப்பீர்கள். சினிமாவுக்குப் போகாமலே போஸ்டரைப் பார்த்துக் கதை சொல்வார். புத்தகத்தைப் பிரிக்காமலே அட்டையைத் தடவிக்கொண்டு எழுதியவனின் குறைகளை அடுக்குவார். ஊருக்கு ஒருவர் போதும். எண்பதுகளில் காரைக்காலுக்கு வாய்த்தவர் சவியே.

பாரிசில் இருக்கும் அண்ணன் ஃபெர்னான் துணிமணி அனுப்பிய பெட்டியில், அவர் மகளுடைய ரெக்கார்டு ஒன்றும் தவறிப்போய்ச் சேர்ந்து வந்துவிட்டது. ஹெவி மெட்டல் ஆல்பம். அட்டையில் ராணுவத் தொப்பி போட்ட மண்டையோடு, பீரங்கி, தீ. பின்பக்கம் இடுப்புவரை முடி வளர்த்த நாலு பேர். சவியே வீட்டில் பிளேயர் கிடையாது. அதனால் என்ன, வாய் இல்லையா?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிழட்டுச் சொல்தாக்களின் சங்கத்துக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

“செத்துப்போன சிப்பாய்ங்களுக்காகப் பாடுறாங்க. உலகத்துல சண்டை நிக்கிறவரைக்கும் முடி வெட்ட மாட்டோம்னு நாலு பேரும் நேர்ந்துக்கிட்டாங்க.”

வேளாங்கண்ணிக்கு முடி வளர்க்கிற ஊரில் இதை யார் சந்தேகப்படுவார்?

“மூணாவது பாட்டுல ஒரு தாய் அழுவா பாருங்க, கல்லும் கரைஞ்சிடும்!” சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘போடேன், கேட்போம்’ என்றால், ஊசி போய்விட்டது என்பார்.

முன்பெல்லாம் சவியே உள்ளே வந்தால் ஏனென்று கேட்க நாதி கிடையாது. இப்போது ‘வாங்க, வாங்க’ என்று முன்வரிசை நாற்காலி, ஏலக்காய் டீ. மூன்று வருஷம் ராஜபோகம்.

அப்புறம் ஒரு ஜூலையில் அண்ணன் மகள் ஷந்தால் லீவுக்கு வந்தாள், கையோடு பிளேயரும் கொண்டுவந்தாள். சங்கத்தில் மூத்தவர் ரொபேர் துள்ளிக் குதித்தார். “பதினாலாந்தேதி பிரெஞ்சு தேசிய நாளுக்குக் கொடியேத்தினதும் அந்தப் பாட்டைப் போட்டுடுவோம்!”

சவியே டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

“பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன்,” என்றாள் மனைவி மத்லேன்.

“சொல்லிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முன்வரிசையில உக்கார்றது?”

பதினாலாந்தேதி வந்தது. சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள், கொடி ஏறியது, ஷந்தால் ஊசியை வைத்தாள். அடேயப்பா! கிளிஞ்சல்மேட்டு விசைப்படகு நாலையும் ஒரே அறைக்குள் கிளப்பிவிட்ட மாதிரி ஒரு சத்தம். தீர்ந்தது கதை என்று சவியே கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்து பார்த்தால், ரொபேர் எழுந்து நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறார்! பின்னால் பதினோரு சொல்தாக்களும். செத்த சிப்பாய்களுக்கான பாட்டு அல்லவா, உட்காரலாமா? பந்தலே எழுந்தது, பிரியாணிக் கரண்டியோடு சமையல்காரர் உட்பட. சவியேவும் நின்றார், வேர்வை ஆறாக ஓட.

மூன்றாவது பாட்டில் பாடகன் அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டான்.

“தாய் அழுவுறாளா?” என்றார் ரொபேர், உதடு அசையாமல்.

“ஆமாங்க.”

ஷந்தால் பதறிப்போய் சவியேவின் காதைக் கடித்தாள். “சித்தப்பா, அது நரகத்துல பேய்ங்க விருந்து சாப்பிடுற பாட்டு!”

“சும்மா இரும்மா. நீ ஆழமா கேக்கல.”

இருபத்திரண்டு நிமிஷம். ஒருவரும் கையை இறக்கவில்லை. சத்தம் நின்றதும் ரொபேர் வந்து சவியேவின் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் கண்ணீர்.

“இந்தோசீனாச் சண்டையில இப்படித்தான் இருந்துச்சுப்பா. முப்பது வருஷமா வீட்டுல சொல்லிப் பாக்குறேன், சொல்ல வரல.”

பாவம், சவியே நிஜமாகவே கலங்கிவிட்டார். எவ்வளவு நேரம்? மூன்று நொடி.

“இது என்னங்க,” என்றார், “மறுபக்கம்தான் அசல்.”

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் அந்த ரெக்கார்டு எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் இந்நேரம் ஓர் அபிப்பிராயம் வந்திருக்குமே? நாளைக்கே நாலு பேரிடம் சொல்லவும் போகிறீர்கள். நீங்கள் எப்போது கேட்டீர்கள்?