பூட்டுப் போட்ட குப்பை வாளி

பேராதனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி சேந்தனுக்கு,

இங்கே நானும் தேவராசா அத்தானும் சுகம். தெல்தெனியவில் நீயும் உன் மரக்கன்றுகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று குறிஞ்சிக் குமரனைக் கும்பிடுகிறேன். சூழலுக்காகக் கைத்தொலைபேசியைத் துறந்தவன் என்பதால் உனக்குக் கடிதம். புதுத் தாளைக் கண்டால் எந்த மரத்தை வெட்டினாய் என்று கேட்பாய் என்பதால், என் வகுப்புப் பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம். முன்பக்கத்து விடைகளை நம்பிவிடாதே.

இன்று காலை எழுந்ததும், தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் முன்பே, அலுமாரிப் பூட்டைக் கழற்றிக் குப்பை வாளிக்குப் போட்டேன். நகை இருக்கிற அலுமாரி இப்போது திறந்து கிடக்கிறது. அக்காவுக்கு ஏதோ பிசகிவிட்டது என்று நினைக்காமல் மேலே வாசி.

போன வருடம் உன் பசுமை இயக்கத்தின் சார்பில் வந்து, குப்பையில் காசின் கை படக்கூடாது, எல்லாம் இலவசம் என்று பேசினாய். எங்கள் சின்னத் தெருவின் ஒழுங்கைச் சங்கத்துச் செயலாளரான நான்தான் முதலில் கைதட்டினேன். வீட்டுக்கு வீடு குப்பையை மக்கவைத்துப் பசளை போடுகிற பெரிய பச்சை வாளி இலவசமாக வந்தது. அது அவ்வளவு வடிவாயிருந்ததால் குப்பை போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. சங்கத் தலைவர் மரியநாயகம் அண்ணை அதில் அரிசி போட்டார். பக்கத்து வீட்டு ஐரின் அக்கா தண்ணீர் வெட்டு நாளுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தார். எங்கள் வாளியில் என்ன இருந்தது என்று கேட்காதே, தீபாவளி முறுக்கு கடைசிவரை மொறுமொறுவென்று இருந்தது. நீ தந்த துணிப்பைகள், சொந்தக்காரருக்குச் சாமான் கட்டி அனுப்பியதில், கனடாவுக்குப் போய்விட்டன. குப்பை லொறியும் இலவசம் என்றதும் மரியநாயகம் அண்ணையின் மருமகன் வீட்டுப் பிறந்தநாள் குப்பை கட்டுகஸ்தோட்டையிலிருந்து த்ரீவீலில் வந்து எங்கள் சந்தியில் இறங்கியது. பின்னால் குரங்குகள் வந்தன. அபராதம் விதியுங்கள் என்று எழுதினாய். விதித்தோம். அறவிடும் குழுவில் இருந்த எல்லோரும் குற்றவாளிகள் என்பதால் யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்தூரியம் வளர்த்து விற்கிற ஐரின் அக்கா பசளைக்காக என்னிடம் வந்தார். "சும்மா குடுக்க வேணாம் டீச்சர். தோலு, இலையை மட்டும் பிரிச்சுக் கொண்டாங்க, நிறுத்துக் காசு தர்றேன்" என்றார். தம்பி, அடுத்த நாளே ஒழுங்கை முழுக்கக் குப்பையைப் பிரித்தது. குசினி எந்தப் பக்கம் என்று தெரியாத உன் அத்தான் பலாக்காய் சீவப் பழகினார். பழகின கையோடு வாளிக்குள்ளே தண்ணியும் ஊத்திப் பாரம் ஏத்தினார், மனுசன். ஐரின் அக்கா கண்டுபிடித்துத் தராசை எல்லோரும் பார்க்கிற மாதிரி கேற்றில் தொங்கவிட்டார். பிறகு வேறு ஆள் இல்லைதானே என்று விலையைக் குறைத்தார். நாற்று விற்கிற ஹாஷிம் நானா கூடுதலாகத் தாறன் என்று வந்து நின்றதும் பழைய விலை மரியாதையாகத் திரும்பி வந்தது. பிரிக்காத குப்பைக்கு இப்போது சங்கத்தின் விதிப்படி பைக்கு இவ்வளவு என்று லொறிக்குக் கட்டவேண்டும். மருமகன் வீட்டுக் குப்பை வருவது நின்றுபோயிற்று. குரங்குகள் வெறுத்துப்போய் வேறு ஒழுங்கைக்கு மாறிவிட்டன. நேற்று யாரோ எங்கள் வாழைப்பழத் தோலைக் களவெடுத்தார்கள். பூட்டின் கதை அதுதான்.

"சந்தைதானே அக்கா பூமியைத் திண்டது, அதிட்டயே காவலுக்குக் குடுக்கச் சொல்லுறியோ?" என்று போன மாதம் கேட்டாய். அன்றிலிருந்து பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் யோசித்தேன். மகாவலி ஆறு யாருக்கும் பில் அனுப்புவதில்லை; அதனால்தான் எல்லோரும் அதற்குள் கொட்டுகிறார்கள். திண்டவன் காசு கொடுக்காமல் எழும்பிப் போகிற கடையை நீ சந்தை என்கிறாய். அழுக்காக்கினவன் செலவைக் கட்டி, தராசு வெளியே தொங்கி, வாங்க இரண்டு பேராவது நின்றால் அதுதான் சந்தை என்கிறேன் நான். அந்தத் தராசை அத்தானை நம்பி விடமுடியாது, அதற்குச் சங்கம் வேண்டும். உன் அரசியலுக்கு அங்கே வேண்டிய வேலை இருக்கிறது.

ஆனால் நீயோ, சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு, குப்பை விற்பதையும் வாங்குவதையும் தடுக்க உன் இயக்கத்தின் பெயரில் தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறாய். நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் உன் பக்கம், பாதிப்பேர் தராசின் பக்கம். நிறைவேறினால் ஐரின் அக்காவின் தராசு இறங்கும், குரங்குகள் ஏறும். என் ஒரு கைதான் மிச்சம். அது வழக்கம்போல உனக்காக எழும்பும் என்று அத்தான் உட்பட எல்லோரும் நினைக்கிறார்கள். தயவுசெய்து தீர்மானத்தை நீயே திரும்ப எடுத்துவிடு. உனக்கு எதிராகக் கை உயர்த்தும் நிலையில் என்னை வைக்காதே.

எந்தச் சண்டையிலும் நேரத்துக்குச் சாப்பிட மறக்காதே. உன் கன்றுகளுக்கு மழையும் உனக்கு நல்ல நித்திரையும் கிடைக்கட்டும்.

அன்பு அக்கா,
றஞ்சனா

பி.கு.: எழுதியதைத் திரும்ப வாசித்தேன். இது ஞாயிறுக்கு முன் உன் கையில் கிடைத்தால், நீ வந்து வாசலில் நின்று "அக்கா" என்று ஒரு தரம் கூப்பிடுவாய், நான் உருகிவிடுவேன். ஆகவே இதைத் திங்கட்கிழமைதான் தபாலில் போடுவேன். நீ வாசிக்கும்போது உன் தீர்மானம் ஒரு கையால் தோற்றிருக்கும். இன்னும் அத்தானுக்கும் சொல்லவில்லை.