மஞ்சள் கொடிக்குப் பின்னால்

வழிகாட்டி அம்மா எதற்காக டோஃபு கடைக்குள் நுழைந்தார் என்று இகராஷிக்கு விளங்கவில்லை. கியோட்டோவில் திரும்பின பக்கமெல்லாம் கோயில். அத்தனையையும் விட்டுவிட்டு முதலில் காட்டுகிற இடமா இது?

"எத்தனை வருஷத்துக் கடைப்பா?" என்று காதோரம் கேட்டார் மேலாளர் ஓனோதெரா.

"பழசு சார். ரொம்பப் பழசு." கடையின் பெயர்ப்பலகையில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"அதானே பார்த்தேன்!" ஓனோதெரா கடையை நோக்கி இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். பின்னால் நின்ற மொத்த அலுவலகமும் குனிந்தது. கல்லாவில் இருந்தவர் மிரண்டுபோய்த் தானும் குனிந்தார். கிளைத் தொழிற்சாலை ஆட்களோடு நின்ற சாம்பல் கோட்டுக்காரர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து அழகாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். அம்மா பன்னீர் மாதிரி ஒரு கட்டி டோஃபு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார், இவர்களைப் பார்த்து ஒரு கணம் நின்றார், பிறகு நடந்தார். எல்லாரும் பின்னாலேயே நடந்தார்கள்.

இகராஷிக்கு வடக்கே அகிதாவில், மிசோ என்கிற சோயா விழுது தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து சுற்றுலா போவார்கள். அதன் ஏற்பாடு முழுவதையும் ஒரு இளிச்சவாயன் தலையில் கட்டுவார்கள். இந்த வருஷம் அந்தத் தலை இகராஷியுடையது.

சுற்றுலாவோடு போயிருந்தால் பரவாயில்லை. முதலாளிக்குக் காலண்டர் பைத்தியம். புகழ்பெற்ற ஏதாவது ஓர் இடத்தின் முன்னால் ஊழியர்கள் எல்லாரும் நின்று சிரிக்கும் படம் வருஷா வருஷம் காலண்டரில் வர வேண்டும். ஒரு வருஷம் ஹிமேஜி கோட்டை வந்தது. ஒரு வருஷம் மியாஜிமாவில் கடலுக்குள் நிற்கும் தோரண வாயில். போன வருஷம் ஏற்பாடு செய்தவன் மோகாமி. அவன் தேர்ந்தெடுத்தது ஃபூஜி மலை. அன்றைக்குப் பார்த்து மலை மொத்தமும் மேகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. காலண்டரில் வெள்ளைத் துணி விரித்த மாதிரி ஒரு பின்னணி, அதன் முன்னால் ஊழியர்கள், கீழே 'ஃபூஜி மலை' என்று கொட்டை எழுத்து. வாடிக்கையாளர்கள் போன் போட்டு, மலை எங்கே என்று கேட்டார்கள்.

மோகாமி இப்போது வடகோடியில் ஒரு கிடங்கில் மிசோ பீப்பாய்களுக்குக் காவல். அவன் அனுப்பிய புத்தாண்டு அட்டையில் 'குளிருது' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

இந்த வருஷம் முதலாளி கேட்டது கின்காகுஜி, குளத்து நடுவே தகதகக்கிற தங்க மண்டபம். இன்று மாலை ரயிலில் ஊர் திரும்புவதற்குள் படம் எடுத்தாக வேண்டும். இகராஷியின் மனைவி சயோ பிள்ளைத்தாய்ச்சி. "கிடங்குல எல்லாம் என்னால பிள்ளை பெத்துக்க முடியாது, சொல்லிட்டேன்," என்று சொல்லித்தான் வழியனுப்பியிருந்தாள்.

அதனால்தான் உள்ளூர் வழிகாட்டிக்குப் போனிலேயே சொல்லிவைத்திருந்தான். "காலைல விடுதி முனையில மஞ்சள் கொடியோட நிப்பாங்க" என்று பதில் வந்தது. காலையில் போனால், முனையில் ஒரு வயதான அம்மா, கையில் சுருட்டிய மஞ்சள் கொடி. இகராஷி ஓடிப்போய்க் குனிந்தான்.

"இன்னிக்குப் பூரா உங்களை நம்பித்தான் இருக்கோம்மா!"

அம்மா அவனையும் பின்னால் நின்ற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் குனிந்தார். "அடடா, ரொம்பத் தொலைவுல இருந்து வந்திருக்கீங்க போல. குளிருக்கு நல்லாப் போர்த்திக்குங்க."

எவ்வளவு அக்கறையான அம்மா என்று இகராஷி அப்போது நெகிழ்ந்துபோனான்.

டோஃபு கடைக்கு அடுத்து அவர் போனது ஒரு கண் ஆஸ்பத்திரி. எல்லாரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் திகைத்துப்போய், "எல்லாருக்குமே கண்ணா?" என்றாள்.

"எல்லாருக்கும்தாம்மா. ஒண்ணாத்தான் வந்திருக்கோம்," என்றார் ஓனோதெரா.

பேக்கிங் பிரிவு சுகவாரா அக்கா இகராஷியின் பக்கம் சாய்ந்தாள். "ஏண்டா, தங்க மண்டபத்துக்கு இங்கிட்டுத்தான் வழியா?"

"தங்கம் கண்ணைக் கூசும்ல அக்கா, அதுக்கு முன்னெச்சரிக்கையா இருக்கும்," என்றான். அவனுக்கே அது நம்பும்படியாக இல்லை.

ஓனோதெரா கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். "கியோட்டோக்காரன் கியோட்டோக்காரன்தான்யா! கண்ணைத் துடைச்சு விட்டுட்டுத்தான் கோயிலையே காட்டுறான்!"

சாம்பல் கோட்டுக்காரர் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். பிறகு இகராஷியிடம் வந்து, "தம்பி, ஒரு சின்ன விஷயம்..." என்று இழுத்தார்.

"அண்ணே, அப்புறம். கொடி போயிட்டிருக்கு பாருங்க!"

கொடி ஒரு சந்துக்குள் திரும்பி, ஒரு வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனது. கூட்டமும் போனது. அம்மா முகத்தில் ஏதோ ஒன்று லேசாக நடுங்கிற்று. ஆனாலும் எல்லாரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். தேநீர் ஆறி வெகு நேரமானதும், "சார், உங்க கைக்கடிகாரம் ரொம்ப நல்லாருக்கே," என்றார் ஓனோதெராவிடம்.

ஓனோதெரா பூரித்துப்போனார். கடிகாரத்தைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார். அது மாமனார் வாங்கித் தந்தது, அந்த மாமனாருக்கு ஆப்பிள் தோட்டம் உண்டு, அந்தத் தோட்டத்தில் ஒரு முறை கரடி வந்தது என்று கரடியை விரட்டி முடிக்கும் வரை பேசினார்.

அம்மா பெருமூச்சு விட்டு, கடைசி ஆயுதத்தை எடுத்தார். "ஒரு வாய் டீ ஊத்தின சோறு சாப்பிட்டுப் போறீங்களா?"

கியோட்டோவில் யார் வீட்டிலாவது இப்படிக் கேட்டால், எழுந்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அங்கே யாரும் யாரையும் வாய்விட்டுப் போகச் சொல்வதில்லை. கடிகாரத்தைப் புகழ்வார்கள், அதற்கும் அசையாவிட்டால் சோற்றைப் பற்றிக் கேட்பார்கள். அகிதாவில் சோறு என்றால் சோறுதான்.

"ஆகா! எனக்கு ரெண்டு கிண்ணம்மா!" என்றார் ஓனோதெரா.

"ஊறுகாய் இருந்தா இன்னும் நல்லாருக்கும்," என்றாள் சுகவாரா அக்கா.

கிண்ணம் எடுக்க உதவலாம் என்று எழுந்த இகராஷி, வாசலில் குடைகளோடு சாய்ந்திருந்த கொடி அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தான். அதில் தொப்பி போட்ட ஒரு குழந்தையின் படம். கீழே 'சாலையைக் கடக்கிறோம்' என்று எழுதியிருந்தது. அவன் கிண்ணத்தை மறந்து சமையலறைக்கு ஓடினான்.

அங்கே அம்மாவுக்குப் பக்கத்தில் சாம்பல் கோட்டுக்காரர் முள்ளங்கி ஊறுகாய் நறுக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, அந்தக் கொடி பத்தித்தான்..." என்று மறுபடி ஆரம்பித்தார்.

"தெரிஞ்சு போச்சுண்ணே! தயவு செஞ்சு சார்கிட்ட மட்டும் வாயைத் திறந்துராதீங்க!" என்று அவரைக் கும்பிட்டுவிட்டு, இகராஷி அம்மாவின் காலில் விழாத குறையாகக் குனிந்தான். "அம்மா... நீங்க வழிகாட்டி இல்லையா?"

"நானா? காலைல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை ரோடு தாண்ட விடுவேன். இன்னிக்கு அது முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்பினேன், நீங்க வந்து கும்பிட்டீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா!"

"என்னை நம்பி வந்திருக்கோம்னீங்க. போங்கன்னு எந்த வாயால சொல்றது? அது முறையா?"

நேரம் இன்னும் கொஞ்சம் இருந்தது. உண்மையைச் சொன்னால் கிடங்கு, சொல்லாவிட்டாலும் தங்க மண்டபத்துக்கு வழி தெரியாது. "எந்தப் பஸ்னு மட்டும் சொல்லுங்கம்மா. அப்புறம், அந்தக் கொடியைக் கொஞ்சம் தாங்க. கொடி போனாப் போதும், எங்க சார் பின்னாலேயே வந்துருவாரு."

அம்மா பஸ்ஸின் விவரத்தைச் சொல்லி, கொடியை ஒரு கணமும் யோசிக்காமல் கொடுத்தார்.

"வழிகாட்டி அம்மாவுக்கு முழங்கால் வலி சார். இனிமே நான்தான்," என்று இகராஷி கொடியை உயர்த்தினான். வீடு காலியானது. பஸ் நிறுத்தம் தெருமுனையைத் தாண்டி எதிர்ப்பக்கம். முனைக்கு வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தது.

மஞ்சள் தொப்பிக் குழந்தைகள் கொடியைப் பார்த்ததும் வரிசையாக நின்று, இகராஷியை அண்ணாந்து பார்த்தன. கொடி பிடித்தவன் எப்படி விட்டுவிட்டுப் போவான்? கார்களை நிறுத்தி அவர்களை ரோடு தாண்ட விட்டான். அதற்குள் அடுத்த வகுப்பு வந்தது. மதிய முறைக்கு வந்த பெரியவர் ஒருவர், புதிதாகச் சேர்ந்த ஆள் போலிருக்கிறது என்று இவனைப் பார்த்து மனம் குளிர்ந்து, நன்றி சொல்லிக் குனிந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

"ஐயா, போகாதீங்க! ஐயா!"

ஓனோதெராவுக்கு இதுவும் சுற்றுலாவில் சேர்த்திதான். அவர் நடுத்தெருவில் இறங்கி, இரண்டு கையையும் விரித்து, ஒரு லாரியை நிறுத்தினார். "வா கண்ணு, வா! தாத்தா இருக்கேன்!"

கடைசிக் குழந்தையும் போன பிறகு பஸ் ஏறினார்கள். இலையெல்லாம் சிவக்கிற காலம். அதைப் பார்க்க ஜப்பானில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த ஊரில்தான் இருந்தார்கள். பஸ் நகர்ந்தது, நின்றது, நின்றபடியே இருந்தது. பஸ்ஸில் யாரோ நான்கு பேர் கொடியைப் பார்த்துவிட்டு இவர்களோடு சேர்ந்துகொண்டு, "அடுத்து எங்கங்க போறோம்?" என்று கேட்டார்கள்.

தங்க மண்டபத்துக்கு வந்தபோது வாசலை மூடிவிட்டிருந்தார்கள். மரங்களுக்கு மேலே ஒரு துளி தங்கம்கூடத் தெரியவில்லை.

ஓனோதெரா மூடிய கதவைப் பார்த்தார். பிறகு இகராஷியைப் பார்த்தார். "வீட்ல நல்ல கம்பளிச் சட்டை இருக்காப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இகராஷி உடைந்துபோனான். சயோவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? "மன்னிச்சிருங்க சார். அந்த அம்மா வழிகாட்டியே இல்ல. பிள்ளைங்களை ரோடு தாண்ட விடுறவங்க. நான்தான் ஆளை மாத்திப் பிடிச்சுட்டேன்."

"அப்ப அந்தக் கண் மருந்து?"

"அவங்க பரிசோதனைக்குப் போனாங்க சார். நாம கூடப் போயிட்டோம்."

சுகவாரா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். ஓனோதெராவுக்கு முகம் சிவந்தது. "அப்ப நெசமான வழிகாட்டி எங்கய்யா? சொன்னா சொன்ன நேரத்துக்கு வர மாட்டானா? அவன் மட்டும் வந்திருந்தா நாம மத்தியானமே படம் எடுத்திருப்போமே! எங்கய்யா அவன்?"

சாம்பல் கோட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார், கோட்டுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கொடியை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைத் தொடுமளவுக்குக் குனிந்தார்.

"மன்னிக்கணுங்கய்யா, நான் காலைலயே வந்துட்டேன், அதுக்குள்ள உங்களுக்கு முன்னாடி அந்த அம்மா கொடியோட நடந்துக்கிட்டு இருந்தாங்க, நடுவுல புகுந்தா அவங்க மனசு நோகுமேன்னுதான் பேசாம பின்னாலேயே வந்தேன்."