இரவுக்காரரின் நாற்காலி

கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துத் தன் வீட்டையே வேவு பார்த்துக்கொண்டிருந்தார் இரவுக்காரர். கூடத்தில், அவருடைய நாற்காலியில், முன்பின் தெரியாத ஒருவன் உட்கார்ந்து மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவிடம் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஆலையில் பதினோரு வருட இரவு ஷிப்டை உதறிவிட்டு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வெட்கம். யார் வந்தாலும் உள்ளறையில் பதுங்கினார். இவனோ தினமும், அவர் வழக்கமாக ஷிப்டுக்குக் கிளம்பிப்போயிருக்கும் நேரத்தில், மாலை ஆறரைக்கு டாணென்று வந்தான்.

"யாரு அந்த ஆளு?" என்று மகளை ஓரங்கட்டிக் கேட்டார்.

"மாமாப்பா! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்."

சொந்த வீட்டு விவகாரம் தெரியாதவன் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

மறுநாள் நாற்காலியின் ஒரு காலைக் கழற்றிவைத்தார். வந்தவன் பத்தே நிமிடத்தில் அதை மாட்டி, மற்ற மூன்றையும் முடுக்கினான்.

"நீங்க கை வச்சா தனிதாண்ணே," என்றாள் மனைவி. "எங்க வீட்டுக்காரரும் இருக்காரே, பல்பு மாத்தவே நாள் பார்ப்பாரு."

உள்ளறையில் பல் நறநறத்தது.

யாரிடம் சொல்லி அழுவது? இருந்த ஒரே சிநேகிதர் பகல்காரர். பதினோரு வருடம் ஒரே இயந்திரம், ஆனால் முகம் பார்த்ததில்லை. பகல் ஷிப்ட் முடிந்து இயந்திரத்தின் சூடு ஆறும் ஒரு மணி நேரத்தில் அவர் கிளம்பிவிடுவார். பேச்செல்லாம் இயந்திரத்தடி டிராயரில் கிடக்கும் எண்ணெய்க் கறைச் சீட்டுகளில்தான். 'பெல்ட் தளர்கிறது. இருமல் தேவலையா? - பகல்.' எழுதிவைத்த வேலையை, எழுதியவரே கோடு போட்டு அடிக்கும்வரை தினமும் செய்தாக வேண்டும் என்பது டிராயர் சட்டம். பேசியே பார்க்காதவரிடம்தான் அவர் மனம்விட்டுப் பேசியிருந்தார்.

மதியச் சாப்பாட்டு வேளையில், இயந்திரத்தருகே ஆள் இல்லாதபோது, டிபன் பாக்ஸை எடுக்கும் சாக்கில் ஆலைக்குப் போய்ச் சீட்டு வைத்தார்: 'வீட்டில் எவனோ என் நாற்காலியில் உட்காருகிறான். துரத்தவும். - இரவு.'

மறுநாள் அதே வேளையில் துண்டை எடுக்கும் சாக்கில் போனார். பதில் இருந்தது: 'கவலை வேண்டாம். இன்றே முடித்துவிடுகிறேன். - பகல்.'

வேடிக்கை பார்க்க வேண்டாமா? இரவுக்காரர் முதன்முறையாகக் கூடத்துக்கு வந்து, தன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

ஆறரைக்கு அந்த ஆள் நுழைந்தான். கையில் முழ நீள ஸ்பேனர்.

"நீதானா அது? எந்திரிடா! யாரு நாற்காலில யாரு உக்கார்றது?" சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். அவன் மேல்பாக்கெட்டில் எண்ணெய்க் கறையோடு, இரவுக்காரரின் கோழிக் கிறுக்கலில் ஒரு சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, விடுங்க! அது எங்கப்பா!" என்று மகள் ஓடிவந்தாள்.

பிடி தளர்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்கள்.

"பகலா?" என்றார் இரவுக்காரர். "நீங்க ஏங்க தினமும் இங்க...?"

அந்த ஆள் பர்ஸிலிருந்து மஞ்சளேறிய இன்னொரு சீட்டை எடுத்து நீட்டினான்.

"'வீட்டுக் குழாய் ஒழுகுது, சாயங்காலம் ஒரு எட்டுப் பார்க்கவும்'னு ஏழு வருஷம் முன்னால எழுதினீங்க. இன்னும் கோடு போட்டு அடிக்கலையேண்ணே!"